மழுங்கின கத்திக்குத்தான் மவுசு

இனுவிக் போகிறவர்கள் பெரும்பாலும் ஜூன் மாதக் கடைசியில்தான் போவார்கள். ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறையாமல் நிற்கும் காலம் அது. நள்ளிரவு வெயிலில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். நாங்கள் ஏப்ரலில் போனோம், ஆறும் ஏரியும் இன்னும் உறைந்து கிடக்கும்போதே. காரணம் எலி. கனடாவின் வடமேற்கில், மெக்கன்சி ஆறு ஆர்க்டிக் கடலில் கலக்கும் கழிமுகத்தில், மஸ்க்ராட் என்ற நீரெலியைப் பிடித்துத் தோல் விற்பது தலைமுறை தலைமுறையாக வந்த பிழைப்பு. ஒரு கிலோ சொச்சம் எடை, பக்கவாட்டில் தட்டையான வால், தண்ணீர் ஒட்டாத அடர்ந்த பழுப்பு உரோமம். உள்ளூர்க்காரர்கள் அந்த முழுப் பெயரைச் சொல்லி மெனக்கெடுவதில்லை, வெறும் எலிதான்.

வாணியம்பாடிப் பக்கம் வளர்ந்தவனுக்குத் தோல் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் தோல் என்றால் மயிர் போன தோல். ஆட்டுத்தோல் வந்ததும் உப்பைக் கழுவிச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். சுண்ணாம்பு மயிர்க்காலைத் தளர்த்தும், தோலை ஊத வைக்கும். மயிரை வழித்துத் தள்ளிய பிறகு, சரிவான கட்டைமேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைந்த கத்தியால் உள்புறத்து ஜவ்வையும் கொழுப்பையும் எடுப்பார்கள். இப்போது அதற்கு எந்திரம் வந்துவிட்டது. கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் கை பழகியவருக்குப் பயமில்லை, தோல் அத்தனை தடித்திருக்கும்.

உரோமத் தோலில் கதை தலைகீழ். மயிர்தான் சரக்கு; தோல் அதற்குப் பிடிமானம், அவ்வளவே. மயிர்க்கால்கள் தோலின் உள்பக்கம்வரை இறங்கியிருக்கும். கொஞ்சம் ஆழமாகச் சுரண்டினால் வேர் அறுந்து, மறுபக்கம் மயிர் கொத்துக் கொத்தாக உதிரும். சுரண்டாமல் விட்டாலும் தப்பிக்க முடியாது. மிச்சமிருக்கும் கொழுப்பு நாளடைவில் காறிப்போய்த் தோலை எரித்துவிடும். பதனிடும்போது அந்த இடம் அப்பளமாக நொறுங்கும். ஆகவே அங்கே கத்தி வாங்குகிறவர் அது எவ்வளவு வெட்டும் என்று பார்ப்பதைவிட, எங்கே வெட்டாமல் நிற்கும் என்றுதான் பார்க்கிறார். அதை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வண்டி ஓட்டியவர் வொய்ட்ஹார்ஸில் வேலை பார்க்கும் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். டாஸனுக்குப் பக்கத்தில் பிரியும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை இனுவிக்வரை ஏறக்குறைய 740 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளைக்கல். 1979-இல் திறந்தார்கள். நடுவழியில் ஈகிள் ப்ளெய்ன்ஸ் என்ற ஒற்றை விடுதியில்தான் பெட்ரோலும் சாப்பாடும். 1911-இல், காணாமல்போன போலீஸ் ரோந்துக் குழுவைத் தேடிப்போய் நான்கு பேரின் உடல்களைக் கண்டுபிடித்த டெம்ப்ஸ்டர் என்ற காவலரின் பெயர் சாலைக்கு. கோடையில் பீல் ஆற்றையும் மெக்கன்சியையும் படகில் வண்டியேற்றித்தான் கடக்க வேண்டும். ஏப்ரலில் அந்தத் தொல்லை இல்லை, பனிக்கட்டி மேலேயே ஓட்டிப் போகலாம். நண்பர் மட்டும் ஆற்றின் நடுவே வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு இருக்கை வாரைக் கழற்றினார். "ஒண்டுமில்லை அண்ணை, சும்மா ஒரு பழக்கம்" என்றார். எனக்கும் கழற்றத் தோன்றியது.

இனுவிக் 1950-களில் அரசாங்கம் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். மூவாயிரம் பேர். மண்ணுக்குக் கீழே எப்போதும் உறைந்த நிலம் என்பதால் வீடுகளெல்லாம் தூண்மேல் நிற்கின்றன. தண்ணீர்க்குழாயும் சாக்கடைக்குழாயும் புதைக்க வழியில்லாமல் வீட்டுக்கு வீடு தகரப்பெட்டிக்குள் தரைக்கு மேலேயே ஓடுகின்றன. இக்லூ வடிவத் தேவாலயம் ஒன்று, வின்னிபெக்கில் கட்டி லாரியிலும் படகிலும் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய மசூதி ஒன்று. இவற்றை எல்லாப் பயணக் கட்டுரைகளும் சொல்லிவிட்டன, நான் விடுகிறேன்.

வசந்தம் எட்டிப்பார்க்கும்போது அங்கே மஸ்க்ராட் ஜம்போரி என்று ஒரு திருவிழா. நாய்வண்டிப் பந்தயம், மரம் அறுக்கும் போட்டி, பனியில் தீ மூட்டி யார் முதலில் தேநீர் கொதிக்க வைப்பது என்ற போட்டி. கூட்டம் அதிகம் நின்றது தோலுரிப்புப் போட்டியில். பின்னங்கால் குதிகாலில் தொடங்கி மறு குதிகால்வரை ஒரே கீறல். அதற்குப் பிறகு கத்திக்கு வேலை சொற்பம். கட்டைவிரலைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைத்து, தோலை உள்வெளியாகத் திருப்பி, தலையை நோக்கி இழுக்கிறார்கள். காது, கண், உதடு ஆகிய மூன்று இடத்தில் மட்டும் கத்தி முனை எட்டிப்பார்க்கிறது. வயிற்றைக் கீறாமல் குழாயாக வந்துவிடும் தோலுக்குத்தான் விலை. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பாட்டி, வாலிபர்கள் பாதியில் இருக்கும்போதே முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேகத்தைப் பார்க்க அது நல்ல இடம். ஜவ்வெடுப்பைப் பார்க்க முடியாது. அது போட்டி வைக்கக்கூடிய வேலையில்லை.

அதைப் பார்க்க அக்லாவிக் என்ற ஊருக்குப் போனோம். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் சாலை போடுவார்கள். மற்ற நாளில் விமானம் அல்லது படகு. வெள்ளமும் கரை அரிப்பும் தாளாமல் இந்த ஊரைக் காலி செய்துவிடலாம் என்றுதான் அரசாங்கம் இனுவிக்கைக் கட்டியது. பலர் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒருபோதும் தளராதே என்று பொருள்படும் வாசகமே ஊரின் முத்திரை வாசகம். 1932-இல் போலீஸ் வாரக்கணக்கில் துரத்திச் சுட்ட 'பைத்தியக்கார வேட்டைக்காரன்' ஆல்பர்ட் ஜான்சனின் கல்லறையும் இங்கேதான். சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்க்க வருவார்கள். நாங்கள் ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகைக்குள் நுழைந்தோம்.

வீட்டுக்கார அம்மாள் எழுபதைத் தாண்டியவர். தாய்வழி குவிச்சின், தகப்பன்வழி இனுவியலுவிட், இரண்டும் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகள். மகனும் பேரனும் ஏரிகளில் பொறி வைக்கிறார்கள். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, அதன்மேல் நீர்த்தாவரத்தைக் குவித்துக் குமிழி மாதிரி ஒரு மூச்சுவிடும் கூரை கட்டி வைக்கும் மஸ்க்ராட். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரிமேல் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். மேட்டின் பக்கத்தைத் திறந்து, உள்ளே பொறியை வைத்து, குளிர் புகாதபடி மறுபடி மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் ஓட்டை உறைந்துவிடும். எலி அந்தப் பக்கமே வராது. கொண்டுவந்ததை உரிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். சுரண்டுவது அந்த அம்மாள்தான்.

கொட்டகையில் முதலில் மூக்கில் ஏறியது வாடை: பச்சைக்கொழுப்பு, ஈரமயிர், விறகுப்புகை. நண்பர் என் காதோடு, "உங்கட ஊர் வாசம் இதைவிட மோசம் எண்டு சொன்னனீங்கள்" என்றார். சொன்னதுதான். சுண்ணாம்புத் தொட்டிக்கு இது எவ்வளவோ மேல்.

சுவரில் கத்திகள். எனக்குத் தெரிந்த ஒன்று முதலிலேயே கண்ணில் பட்டது: இரண்டு பிடி வைத்த நீளக் கத்தி, முன்னே சரிவான கட்டை. நீர்நாய்போல் பருத்த பீவருக்கும் ரக்கூனுக்கும் கனடா, அமெரிக்கா முழுக்க இதுதான் ஆயுதம். நெக்கர், வீபே என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். ஒரே தகட்டில் இரண்டு விளிம்பு. ஒன்று கூர். கழுத்து நரம்பு, தடித்த ஜவ்வு இதற்கெல்லாம் அது. மற்றது மழுங்கல். கொழுப்பைத் தள்ளுவது அது. வயிற்றால் கட்டையோடு தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்புப் பாரத்தைக் கத்திமேல் இறக்கி, முன்னே தள்ள வேண்டும்.

"எலிக்கு இது வேண்டாம்" என்றார் அந்த அம்மாள். "இது ஆம்பிளைகள் வாங்கி மாட்டி வைத்தது."

பெரிய கத்தியைச் சின்னத் தோலில் இறக்கினால் என்ன ஆகும் என்று பேரன் காட்டினான், வேண்டுமென்றே இல்லை. தோலைக் கட்டையில் மாட்டி இரண்டு தள்ளு தள்ளியதும் சட்டென்று ஒரு சத்தம். நடு முதுகில் பட்டாணியளவு ஓட்டை. மறுபக்கம் திருப்பிப் பார்த்தால், உரோமத்தில் ஒரு முள்விதை சிக்கிச் சிடுக்காகியிருக்கிறது. அந்தச் சிடுக்கு அடியிலிருந்து தோலைப் புடைக்க வைத்திருக்கிறது. கத்தி புடைப்பின் உச்சியைச் சீவிவிட்டது. சீப்பால் வாரி, சிடுக்கெல்லாம் எடுத்த பிறகுதான் தோலைக் கட்டையில் ஏற்றலாம். கட்டையும் மூக்கு ஒடுங்கினதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எலித்தோல் உள்ளே நுழையாது. அம்மாள் திட்டவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய சீப்பைக் கண்ணால் காட்டினார், அவ்வளவுதான். பையன் முகம் சிவந்துபோனது.

அவருடைய வேலை பலகையில். பென்சில் முனைபோல் ஒரு பக்கம் கூம்பிய மெல்லிய பலகை. அதன்மேல் தோலை மயிர்ப்பக்கம் உள்ளே, சதைப்பக்கம் வெளியே வருமாறு மாட்டுகிறார். கம்பிச்சட்டங்களும் அங்கே தொங்கின. விற்பனைக்கு வேகமாக உலர்த்த அவை தோது. சுரண்டுவதற்குப் பலகைதான் முதுகு கொடுக்கும் என்கிறார். மாட்டிய பிறகு எடுத்தது ஒரு கரண்டி. சாதாரண எவர்சில்வர் மேசைக்கரண்டி, ஓரம் தேய்ந்து சற்றே தட்டையானது. அக்குளிலும் தொடைமடியிலும் கழுத்திலும் மட்டும்தான் எலிக்குக் கொழுப்பு ஒட்டியிருக்கும். கரண்டி விளிம்பால் நுனியிலிருந்து தட்டித் தட்டி ஒதுக்கினார். கொழுப்பு திரண்டு சுருண்டு வந்தது. அதை விரலால் வழித்து ஒரு டப்பாவில் போட்டார். முதுகின் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய சதைப்படலம் இருந்தது. சேணம்போல் படிந்திருக்கும் அதை அவர் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். அது தோலோடு காயும், கெடாது. அதை உரிக்கப்போனால் அடியிலிருக்கும் வேர் போய்விடும் என்றார். நாங்கள் ஊரில் ஜவ்வு ஒரு இழைகூட இருக்கக்கூடாது என்று பழகியவர்கள். இங்கே எங்கே நிறுத்துவது என்பதுதான் பாடம்.

அடுத்துச் சுவரிலிருந்து இறங்கியது உலு. பிறைவடிவத் தகடு, அதன் முதுகின் நடுவிலிருந்து ஒரு காம்பு, காம்பின்மேல் கைப்பிடி. ஆர்க்டிக் முழுக்கப் பெண்களின் கத்தி. அரிவாள்மனையில் கத்தி அசையாமல் நிற்க, காயைத்தான் நாம் தள்ளுவோம். உலுவில் தோல் அசையாமல் கிடக்க, கத்தி உருண்டுபோகிறது. பிடி வெட்டும் விளிம்புக்கு நேர்மேலே இருப்பதால் கையின் பலம் முழுக்கக் கீழே இறங்கும். மணிக்கட்டை மடக்க வேண்டியதில்லை. பக்கத்திலிருந்து பிடிக்கிற கத்தியில் முனை தானாகக் குத்தும். உலுவுக்கு முனையே கிடையாது, இரண்டு ஓரத்திலும் வளைந்து ஏறிவிடும். மெல்லிய தோலுக்கு இதைவிடப் பத்திரமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. முன்காலத்தில் சிலேட்டுக் கல்லைத் தேய்த்துச் செய்தார்கள், கிழக்கே கொரொனேஷன் வளைகுடாப் பக்கம் மண்ணில் கிடைத்த செம்பைத் தட்டிச் செய்தார்கள். வியாபாரிகள் வந்த பிறகு பழைய கைரம்பத்தை வெட்டிச் செய்கிறார்கள். அவரிடம் இருந்ததில் ரம்பக் கம்பெனியின் முத்திரை பாதி தேய்ந்து இன்னும் தெரிந்தது. பிடி கரிபூ மான்கொம்பு, அவருடைய உள்ளங்கைக்குக் குழிந்திருந்தது.

இரண்டு உலு வைத்திருந்தார். ஒன்று சவரக்கத்திக் கூர். தோலைக் கையுறைக்கும் காலணிக்கும் அளவெடுத்து வெட்ட. இன்னொன்று வேண்டுமென்றே மழுக்கியது. மழுக்குவதிலும் ஒரு கணக்கு. அரத்தால் விளிம்பை உருட்டிவிட்டு அப்படியே விடக்கூடாது. அரம் போன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும். கூரான கத்தியைவிட அந்தப் பிசிறு பொல்லாதது, தோலைக் கோடுகோடாகக் கீறிவிடும். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தின்மேல் குறுக்காக இழுத்துப் பார்த்தார். நகத்தில் தடுக்கினால் பிசிறு உண்டு. வழுக்கினால் சரி. தடுக்கியது. ஒரு தோல்வாரில் முன்னும் பின்னும் தேய்த்து மறுபடி நகத்தில் இழுத்தார். கேட்டால், கடையில் புதிதாக வாங்குகிற எந்தச் சுரண்டு கத்தியையும் இப்படிச் சோதிக்காமல் தோலில் வைக்கவே மாட்டாராம்.

பிராணிக்குப் பிராணி ஆயுதம் மாறுகிறது. மார்ட்டன் என்ற மரநாய்க்குத் தோல் காகிதம், கொழுப்பு கிட்டத்தட்ட இல்லை. அதற்கு விரல்நகமும் ஒரு துணியும் போதும். விலையில் எலியைவிடப் பல மடங்கு உசத்தி என்பதால், கத்தியை எடுக்கவே பயப்படுகிறார்கள். மிங்க் என்ற சின்னப் பிராணியின் ஜவ்வு நேர்மாறு. அழுத்தமாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் ஒடுங்கின கட்டையும் சின்ன இருபிடிக் கத்தியும். முயலுக்கு எதுவுமே ஆகாது, தொட்டால் கிழியும். அதனால்தான் வடக்கத்தியப் பழங்குடியினர் முயல்தோலைச் சுரண்டிக்கொண்டிராமல், நாடாவாகக் கீறி, முறுக்கி, போர்வையாகப் பின்னினார்கள். ஆயுதம் கிடைக்காத இடத்தில் வேலையையே மாற்றிக்கொண்ட அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

சுரண்டிய தோல் பலகையிலேயே காயும். அடுப்புப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வெந்துவிடும். தோலுக்கும் பலகைக்கும் நடுவே வயிற்றுப் பக்கம் ஒரு மெல்லிய ஆப்பு செருகியிருந்தார். காய்ந்த தோல் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஆப்பை உருவினால் இடைவெளி விட்டுக் கழன்று வரும். காய்ந்துபோன பழைய தோல் இரண்டைக் காட்டினார். ஒன்று வெளுத்த மஞ்சள். மற்றதில் நீலக்கறுப்புத் திட்டுகள். திட்டுள்ளது இலையுதிர்காலத்தில் பிடித்தது. மயிர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்ததால் வேரிலிருக்கும் சாயம் தோல்வழியே தெரிகிறது. முழுதாக முற்றிய உரோமத்தில் தோல் வெளுத்துவிடும். ஆனால் வசந்தம் முற்ற முற்ற ஆண் எலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், தோலில் பல்தடம் விழும். ஏப்ரல் அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சின்னச் சந்து.

இத்தனை நுணுக்கமும் எந்தச் சந்தைக்கு என்ற கேள்வி எழாமல் போகாது. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் உரோம ஏலத்துக்கு வாரிசாக வந்த டொரொண்டோ ஏல நிறுவனம் 2019-இல் கடன் தாளாமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. ஒன்டாரியோவில் நார்த் பே ஊரில் வேட்டைக்காரர்களே நடத்தும் ஏலம் மிச்சம். கனடாக் குதிரைப் போலீஸின் குளிர்காலத் தொப்பி மஸ்க்ராட் உரோமம்; 2014-இல் அதைக் குறைத்துக்கொள்ளப்போவதாகப் போலீஸ் சொல்ல, பிராணிநல அமைப்புகள் மகிழ, சில நாளில் மத்திய அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் எழுந்து அதெல்லாம் கிடையாது என்றுவிட்டார். அந்த அமைச்சர் நுனாவுட்டைச் சேர்ந்த இனுவிட் பெண், லியோனா அக்லுக்காக். பிராணிகளைக் கொல்வது பற்றி எனக்குத் தெளிவான கருத்து ஒன்றும் இல்லை. தோல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கவும் முடியாது. ஒன்று மட்டும் பார்த்தேன். அந்த வீட்டில் எலியின் சதையைப் புகையில் வாட்டி வைத்திருந்தார்கள், வாலைக்கூட நெருப்பில் சுட்டுத் தின்கிறார்கள். எங்கள் பாலாற்றில் கலந்த கழிவை நினைக்கும்போது, அந்த டப்பாக் கொழுப்பை யாரும் ஆற்றில் கொட்டப்போவதில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

மறுபடி இனுவிக். கைவினைக் கடை ஒன்றில் வரிசையாக உலுக்கள். தன் பேத்தியைப் பார்க்க எங்கள் வண்டியிலேயே வந்திருந்த அந்த அம்மாள், நான் கையில் எடுத்ததையெல்லாம் திரும்ப வைக்கச் சொன்னார். பனிக்கரடி படம் பொறித்த பளபள எஃகு ஒன்று: "இது மேசைமேல் வைக்க." காம்பும் தகடும் சேரும் இடத்தில் வெறும் பசை மட்டும் போட்டிருந்த ஒன்று: "ஈரத்தில் கழன்றுவிடும்." கடைசியாக ஓர் ஓரத்தில் கிடந்ததை எடுத்தார். அழகில்லை. தகடு பழைய ரம்பம், காம்பை இரண்டு ஆணியால் அறைந்திருந்தார்கள். தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டு விட்டார். விண்ணென்று நிமிர்ந்தது. பிடியை என் கையில் வைத்து, நடுவிரல் காம்பில் உட்காருகிறதா என்று பார்த்தார்.

"இதைக் கூராகவே வை. மீன் வெட்டு."

சுரண்டுவதற்கு மழுங்கினது ஒன்று வாங்க வேண்டாமா என்று கேட்டேன்.

"அதற்கு யாராவது காசு கொடுப்பார்களா? உன் வீட்டில் கரண்டி இல்லையா?"